ஃபெலிக்ஸ் வண்டித் தூசி

“இதுக்குள்ள இன்னா கீது ஐயா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“தூசி.”

செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்த பொட்டலத்தைக் கடை மேசைமேல் பிரித்து வைத்தேன். மண், முறுக்குத் தூள், தலைமுடி, ஒரு மல்லிகைக் காம்பு. என் மகன் ஃபெலிக்ஸ் ஓட்டும் கால் டாக்சியின் உள்ளேயிருந்து காலையில் நானே வழித்து எடுத்தது.

அதற்குமுன் அவள் கடையில் இருந்த ஏதோ வெள்ளை மாவைத் தூவி, தூசி இழுக்கிற மிஷினை ஓட்டிக் காட்டியிருந்தாள். நான் ஏமாறவில்லை.

“உங்க மாவ உங்க மிஷின் இழுக்கத்தான் செய்யும். என் தூசிய இழுக்கட்டும், பாக்கறேன்.”

கரையான்சாவடி மெயின் ரோட்டில் இது மூன்றாவது கடை. முதல் இரண்டு கடையிலும் பொட்டலத்தைப் பிரிக்கவே விடவில்லை. இந்தப் பெண் சிரித்துக்கொண்டே துடைக்கிற துணியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கார்த்திகா.

எனக்கு வேறு வழியில்லை. முந்தாநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே ஃபெலிக்ஸ் சொன்னான், ரேட்டிங் இறங்கிக்கொண்டே போகிறதாம். ஏறுகிறவர்கள் போடும் மார்க்கு. இன்னும் கொஞ்சம் இறங்கினால் வண்டி ஓட்ட முடியாதபடி கம்பெனிக்காரன் அவனை நிறுத்திவிடுவானாம். வண்டி எடுத்தே இரண்டு மாதம்தான் ஆகிறது. யார் குறைத்துப் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று போன் சொல்லாதாம்.

பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டான்.

ஓட்டுவதில் அவனிடம் குறை கிடையாது. பள்ளத்தில் இறங்கினால்கூட உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது. வாயும் நல்ல வாய்தான், அவன் அம்மா ரோஸி மாதிரி.

அப்படியென்றால் தூசிதான். பருத்திப்பட்டில் ஏரியோரம் வண்டி நிற்கிறது. கண்ணாடியை இறக்கினால் ரோடே உள்ளே வந்து உட்காரும். பக்கத்தில் பிளக் கிடையாது, அதனால் ஒயர் இல்லாத மிஷின்தான் வேண்டும்.

முதல் மிஷின் மண்ணை இழுத்தது. முடியை விட்டுவிட்டது.

இரண்டாவது எல்லாவற்றையும் இழுத்தது. ஒரு சார்ஜில் இருபது நிமிஷம் ஓடும் என்றாள். சரி, ஓட்டு என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். முப்பத்திரண்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷினோடு குடித்தனம் நடத்தியவன் நான். மோட்டாருக்கு மூச்சு வாங்கினால் எனக்குத் தெரியும்.

“இன்னாமா, இருபதுன்ன? பதினாலுலயே மல்லாந்துட்டான்?”

“ஸ்லோ ஸ்பீடுல வச்சா இருபது வரும் ஐயா.”

“ஸ்லோவா ஊதறதுக்கு எனக்கே வாய் கீது.”

மூன்றாவதை அவளே போய் உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். தன் மாமா வண்டிக்கு இதைத்தான் வாங்கிக் கொடுத்தாளாம்.

“எல்லா கடையிலயும் ஒரு மாமா கீறாரு” என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “இதுல ஒரு கஷ்டம் கீது ஐயா. வாரம் ஒருதபா ஃபில்டர கழுவி நெழல்ல காய வைக்கணும். இல்லேன்னா அடைச்சிக்கும். மாமா கழுவாம ஒன்ன கெடுத்துட்டாரு.”

பொருளின் குறையைத் தானே சொல்லி விற்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். சீட்டு இடுக்கில் நுழைகிற நீள மூக்கைச் சொருகி, மேசை விளிம்பில் கிடந்த மல்லிகைக் காம்பைக்கூட இழுத்துக் காட்டினாள். கழுவுகிற வேலையை நான் பார்த்துக்கொள்வேன்.

“இதையே போடும்மா. எவனோ வயித்தெரிச்சல் புடிச்ச பாவி ஏறி ஏறி எறங்கி, என் புள்ளைக்கு மார்க்க கொறச்சிகினு கீறான்.”

“வண்டி கிளீனா இருந்தா எல்லாரும் நல்லாப் போடுவாங்க ஐயா, கவலப்படாதீங்க.”

பில் போட்டதும் பலகை போல ஒரு பெரிய போனை என் முன்னால் நீட்டினாள். அவள் எப்படிக் கவனித்தாள் என்று நான் சொல்ல வேண்டுமாம். ஐந்து நட்சத்திரம் வரிசையாக இருந்தது. இது எனக்குத் தெரிந்த விஷயம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மனசார முதலாவதை அழுத்தினேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது.

“நான் எதுனா தப்பா பேசிட்டேனா ஐயா?”

“இன்னாமா நீ, உனக்கு ஃபர்ஸ்ட்டு குடுத்துகீறேன்!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அய்யோ, கடைசிய அழுத்தணும் ஐயா. அஞ்சும் மஞ்சளாவணும். ஒன்னு போட்டா ரொம்ப மோசம்னு அர்த்தம்.” அவளே ஐந்தாவதை அழுத்திவிட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

நான் நகரவில்லை.

“ஒருதபா அழுத்தினத மாத்த முடியுமாம்மா?”

“அதான் மாத்திட்டேனே ஐயா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஃபெலிக்ஸ்தான் என்னை ஆவடியில் கொண்டுபோய் விடுவான். சும்மா ஏறினால் அவனுக்கு ட்ரிப் கணக்கில் வராது என்று, அவன் வண்டி வாசலில் நிற்கும்போதே என் போனில் புக் செய்வேன். இறங்கியதும் போன் கேட்கும். அவன் பார்த்தால் கூச்சப்படுவான். அதனால் வாசலில் மாதா சிலை வைத்த கெபி பக்கம் திரும்பி நின்று, முதல் நட்சத்திரத்தை அழுத்திவிட்டுத்தான் கோயிலுக்குள் போவேன்.

ஏழு ஞாயிறு.