வராத பீக்

"இந்த வரைபடத்துல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. தூக்கிப் போட்டுட்டு வேற எடுங்க."

"எடுக்க மாட்டேன் சார்."

பயிற்சியாளருக்குச் சுருக்கென்றது. மாத்திரையில் மருந்து இருக்கிறதா என்று லேசர் ஒளியால் சோதிக்கும் ராமன் கருவியை அறிமுகப்படுத்தும் இரண்டு நாள் பயிற்சி அது; ஆளுக்கொரு மாத்திரை கொண்டுவந்து சோதிக்க வேண்டும். பதினைந்து வருடமாக நடத்துகிறார்; யாரும் அவரிடம் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. இன்று சொன்னதோ, சோப்பு ஆலையிலிருந்து வந்த, முந்தாநாள் வரை லேசரைக் கண்ணால்கூடப் பார்க்காத ஓர் அம்மாள்.

காலையிலிருந்து அவருக்குப் பிடரி வேறு வலித்தது. இருபது பேருடைய கேள்விகளுக்குப் பதில் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

"லேசர் பட்டுச் சிதறி வர்ற வெளிச்சத்துல, மருந்து இருந்தா இங்க பீக், மலை உச்சி மாதிரி ஒரு கோடு, வரணும்," என்று சுவரில் ஒட்டியிருந்த மாதிரி வரைபடத்தைத் தட்டினார். "உங்களோடது தரை மாதிரி படுத்துக் கிடக்கு. ஃபோகஸ் தப்பு."

"மூணு தடவை ஃபோகஸ் பண்ணிப் பாத்துட்டேன்."

"ரூம் லைட்டை அணைச்சிருக்க மாட்டீங்க."

"அணைச்சேன். மேல கறுப்புத் துணியும் போட்டேன்."

"அப்ப மெஷின்ல கோளாறு."

"பக்கத்து மேசைக்காரர் கொண்டுவந்ததும் இதே மருந்துதான் சார். அதையும் இதே மெஷின்ல வெச்சேன். பீக் டாண்ணு வந்துச்சு." அவள் இரண்டாவது தாளை நீட்டினாள். "என்னோடதுல வெறும் சுண்ணாம்பும் மாவும்தான். போலி மாத்திரை. தனியா வாங்க சார், ஒண்ணு சொல்லணும்."

"தனியா கூட்டிட்டுப் போய் அழுது காரியம் சாதிக்கலாம்னு பாக்கறீங்களா? அதெல்லாம் நம்மகிட்ட நடக்காது!"

வகுப்பே கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தது. இருபது பேரும் தேறிவிட்டார்கள் என்று சாயங்காலத்துக்குள் மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சர்டிபிகேட் இல்லன்னா புது லேப்ல வேலை கிடையாது, திரும்பவும் பெட்டி ஒட்டத்தான் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க? பேசாம பக்கத்து மேசை வரைபடத்தை ஒரு காப்பி எடுத்துக் குடுங்க. நானும் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் தன் வரைபடத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். குரல் அசையவே இல்லை.

"பதினோரு வருஷம் ஒட்டின பெட்டிதான் சார், இன்னும் ஒட்டிக்கறேன். இல்லாத மருந்தை இருக்குன்னு எழுத மாட்டேன். ரத்த அழுத்தத்துக்கு இதை நம்பி ஒருத்தர் தினமும் முழுங்கறாரு."

"எவனோ முழுங்கட்டும், நமக்கென்ன? இது வெறும் பயிற்சி!"

கத்திய கத்தலில் பிடரி விண்விண்ணென்று தெறித்தது. எல்லாம் இந்த அம்மாளால் வந்த வினை. பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டு, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாய்க்குக் கொண்டுபோனார்.

அவள் எட்டி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முழுங்காதீங்க சார். சோதிக்க மாத்திரை கொண்டு வர மறந்துட்டேன்னு நேத்து நான் எழுந்து நின்னப்ப, இந்த அட்டையிலேர்ந்துதான் நீங்க ஒண்ணு பிதுக்கிக் குடுத்தீங்க."