தரை தொடாத கால்

அந்தக் காளையின் திமிலில் பிறவியிலேயே ஒரு குட்டிக் கால் தொங்கியது. முதுகில் வந்து உட்காரும் காக்கை, "இது எதுக்குண்ணே?" என்று கேட்டது.

"நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். நடக்கவும் உதவல, உதைக்கவும் உதவல," என்றது காளை.

ஆனால் மாட்டுக்காரன் அதற்குத்தான் மஞ்சள் பூசிச் சலங்கை கட்டியிருந்தான். ஊர் ஊராக ஜனங்கள் அதைத்தான் தொட்டுக் கும்பிட்டுக் காசு போட்டார்கள். தார் ரோட்டில் தேய்ந்து வெடித்த நாலு குளம்புகளை ஒருத்தரும் குனிந்து பார்த்ததில்லை.

ஒரு நாள் உச்சிவெயிலில் காளை மடங்கி விழுந்தது.

"பதறிக்கிட்டு ஓடியாறான் பாருண்ணே, பாசக்காரன்தான்," என்றது காக்கை.

ஓடிவந்த மாட்டுக்காரன் குனிந்து, அந்தக் குட்டிக் காலை மட்டும் கையில் ஏந்தித் தடவிப் பார்த்தான்.

"நல்லவேளை, இதுக்கு ஒண்ணும் ஆகல!"

காளையின் காதில் கடைசியாக விழுந்தது அதுதான்.