பக்கத்துக் கட்டில்

“அம்மா எதனால செத்தாங்க? இன்னிக்காவது உண்மையைச் சொல்லுங்கப்பா.”

மூச்சே விடக் கூடாதென்று அடக்கி வைத்திருந்த கேள்வி. அப்பா எழுந்து வாசற்கதவைத் தாழிட்டு, அதிலேயே சாய்ந்து நின்றார்.

“மாரடைப்புன்னு எத்தனை தடவைடி சொல்றது?”

“சினைப்பையில புற்றுநோய்னா எனக்கும் வரலாம். முன்னாடியே சோதிச்சுப் பார்த்தா தடுக்க வழியிருக்கு.”

“பட்டம் வாங்கின திமிரு பேசுது,” என்றாள் பெரியம்மா. “மாப்பிள்ளையோட அம்மா காதுல விழுந்தா கல்யாணமே நின்னுடும். வாயை மூடிக்கிட்டு உள்ள போ.”

“அவங்கதான் என்கிட்ட சொன்னாங்க. நம்ம வீட்டுல அம்மா போட்டோவைப் பார்த்ததுமே அடையாளம் தெரிஞ்சிடுச்சாம். புற்றுநோய் வார்டுல அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் அவங்களோடதுதான். நீங்க ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தா, உங்களுக்கும் அவங்களைத் தெரிஞ்சிருக்கும்பா.”

அப்பா கதவைவிட்டு விலகினார்.

தாழ்ப்பாளை நீக்கிவிட்டு அவள் படியிறங்கினாள். அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக, தெருமுனையில் வருங்கால மாமியார் வண்டியோடு காத்திருந்தார்.