ஹோலுக்குள் நின்ற கார்

"ஒருத்தரும் எழும்பாதேங்கோ. இருக்கிற இடத்திலை இருந்தே ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றார் கேதீஸ்வரன்.

எழும்பவும் இடமில்லை. உடுப்பிட்டியில் இருந்த அந்த வீட்டு ஹோலை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கார் நின்றது. கதிரைகள் எல்லாம் எப்போதோ கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டதால், மாமனார் நாகலிங்கம் காரின் சாரதி இருக்கையில் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி இருந்தார். அவருக்குப் பக்கத்தில், மடியில் சாந்தகப்பையோடு, சுவர் கட்டும் மேசன் இராசநாயகம். மூலையில் தையல் மெசினுக்கு முன்னால் மனைவி மகாதேவி. கேதீஸ்வரன் வாசலோரம், கார் வந்த மரப்பெட்டி ஒன்றின் மேல்.

யன்னல் படியில் அவர் செய்த கையளவு நீராவி எஞ்சின்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றுக்கு விசில் உண்டு. மாமாவைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட அதைத்தான் மூட்டுவார். விசில் ஊதுவதற்குள் தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும்.

அந்த எஞ்சின்களைப் படத்தில் பார்த்துவிட்டுத்தான், லண்டனில் இருக்கும் மகாதேவியின் தங்கை அருந்ததி, "அத்தான் இதையும் பூட்டிப் பாக்கட்டும்" என்று ஒரு முழுக் காரையும் துண்டு துண்டாகப் பெட்டிகளில் அனுப்பியிருந்தாள். "மாரி மழைக்கு வெளி முத்தத்திலை துருப்பிடிச்சுப்போகும், ஹோலுக்குள்ளையே பூட்டுங்கோ" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தவள் மகாதேவி. றோட்டில் ஓட அனுமதி கிடைக்காது என்பது கேதீஸ்வரனுக்குத் தெரியும். மாமாவை ஏற்றிக்கொண்டு வீட்டு வளவைச் சுற்றி ஓடினால் போதும் என்றுதான் இரண்டு வருடமாகப் பூட்டினார்.

இப்போது கார் தயார். வாசல்தான் தயாரில்லை.

"வாசலை அளக்கேல்லையோ தம்பி?" என்றார் நாகலிங்கம்.

"அளந்தனாங்கள் மாமா. காரிலும் பாக்க ஒரு சாண் கூட இருந்தது."

மேசன் காருக்குள் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். "ஒரு சாண் குறைவாயெல்லே கிடக்கு. சுவர் சுருங்கிப்போச்சோ?"

"நான்தான் பிழையா எழுதிப்போட்டன் போலை."

மகாதேவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டி, வெளியாலை வைச்சுத் திருப்பிப் பூட்டேலாதோ?" என்று மேசன் கேட்டார்.

"காரின்ரை கூடு முழுக்கப் பசை போட்டு ஒட்டினது. கழட்டிறதெண்டா வெட்டத்தான் வேணும்."

"அப்ப வாசல் நிலையைக் கழட்டி, பக்கத்து யன்னலோடை சேத்துச் சுவரை…"

"வாயை மூடு, இராசநாயகம்" என்றார் நாகலிங்கம். "இது நான் என்ரை பிள்ளைக்குச் சீதனமாக் கட்டின வீடு. ஒரு ஆணி அடிக்க விட்டிருப்பனோ? தைக்க வெளிச்சம் காணாது, யன்னலைப் பெருப்பிச்சுத் தாங்கோ எண்டு அவள் கேட்டதுக்கே நான் மசியேல்லை."

உண்மைதான். அந்த வீட்டில் கலண்டர்கூட யன்னல் கம்பியில் நூல் கட்டித்தான் தொங்கியது. சீதன வீட்டில் வந்திருக்கும் மருமகன் சுவரைப் பற்றி என்னத்தைக் கதைப்பது? கேதீஸ்வரன் காரின் முன் லைற்றைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

"அப்பா சொல்லிறதுதான் சரி" என்றாள் மகாதேவி. "சுவரிலை கை வைக்கக் கூடாது. நாளைக்கே வெட்டிப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுங்கோ."

நாகலிங்கத்தின் கைகள் ஸ்ரேறிங்கை இறுக்கின.

"எதை வெட்டிறது?"

"காரைத்தான்."

"நான் இன்னும் ஒருக்காவும் ஓடிப் பாக்கேல்லை."

"இருந்து பாத்தனீங்கள்தானே அப்பா. அது காணும்."

"காணுமோ? விடிஞ்சாப் பொழுதுபட்டா இதுக்குள்ளை இருந்து கியர் மாத்திப் பழகினனான். நான் என்ன விசரனே?"

"நல்ல சுகமான சீற் ஐயா" என்றார் மேசன்.

"கேட்டியோ பிள்ளை, மேசனே சொல்லுறான்." நாகலிங்கம் ஒரு தரம் ஹோர்ன் அடித்தார். "இராசநாயகம், உடையடா சுவரை."

"சுவர் பாவம் அப்பா."

"சுவரைத் திருப்பிக் கட்டலாம். கார் என்ன திருப்பி முளைக்குமோ?"

அடுத்த நாள் முதல் கொத்தைக் கிழவரே கொத்தினார். கேதீஸ்வரன் நீராவி எஞ்சினை மூட்டி விசில் ஊதவைத்தார். கார் வெளியே வந்து கிணற்றைச் சுற்றி ஓடியது. கோழிகள் வேலி பாய்ந்தன. நாகலிங்கம் இறங்க மறுத்துச் சாப்பாட்டையும் காருக்குள்ளேயே எடுப்பித்தார்.

"ஐயா, சுவரை எப்ப திருப்பிக் கட்டிறது?" என்று மேசன் கேட்டார்.

"மழை வந்தாக் காரை எங்கை விடுறது?" என்றாள் மகாதேவி. "பெரிய இரட்டைக் கதவாப் போட்டுவிடுங்கோ."

காருக்குள் இருந்து ஒரு ஹோர்ன் சத்தம் சம்மதம் சொன்னது.

திங்கட்கிழமை காலை, வெயில் தையல் மெசின் வரைக்கும் வந்து விழ, கேதீஸ்வரன் கடிதம் எழுத உட்கார்ந்தார். நன்றியைக் கடிதத்தில்தான் சொல்ல வேண்டும், போனில் சொல்வது காற்றோடு போய்விடும் என்பது அவருடைய கொள்கை. 'அன்பின் மச்சாள் அருந்ததிக்கு' என்று தொடங்கி, கார் ஓடியதையும், மாமா இன்னும் இறங்காததையும், வாசல் அளவைத் தான் பிழையாக எழுதியதால் சுவரை உடைக்க நேர்ந்ததையும் ஒழுங்காக எழுதி முடித்தார்.

"நீர் ஏதும் சொல்ல வேணுமோ மகாதேவி?"

அவள் மெசினை நிறுத்தாமலே சொன்னாள்: "அக்கா கேட்ட அகலத்திலை கொஞ்சமும் குறையாமல் கார் பாத்து அனுப்பினதுக்கு நன்றி எண்டு எழுதுங்கோ. நான் சமைக்கிற குசினியும் சரியான இருட்டு. அதுக்கு ஒரு வள்ளம் பாக்கட்டாம்."

பேனா நின்றது. வாசலை அளந்த அன்று நாடாவைப் பிடித்து அளவை வாசித்துச் சொன்னது யார் என்பது கேதீஸ்வரனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காருக்குள் குறட்டை விட்ட மாமாவை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். அவள் சொன்னதை அப்படியே எழுதி, 'நீராவியில் ஓடும் வள்ளமாக இருந்தால் நல்லது' என்று தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்து, உறையை ஒட்டி, தபால் கந்தோருக்குச் சைக்கிளை மிதித்தார்.