கிழக்குப் பக்கத்து இலை

"இந்த வாரமே உன் ஆட்டை ரவாங் சந்தையில வித்துடணும், சின்னத்தாயி! ஒயின் போடலாம்னு வளர்த்த திராட்சைக் கொடி, அது மேஞ்சு கிழக்குப் பக்கம் மொட்டையா நிக்குது!" என்று மலேசியத் தோட்ட லயத்தில் அடுத்த வீட்டுத் தங்கராஜு கத்தினார்.

"பழம் பழுக்கட்டும்ண்ணே, அப்புறமா சண்டை போடலாம் லா," என்றாள் சின்னத்தாய் அசராமல்.

பழம் பழுத்ததும் அவர் கையில் கயிற்றோடு வந்தார். சின்னத்தாய் ஆட்டை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் நானே எல்லா இலையையும் கிள்ளினேன். மத்தியான வெயில்ல பழம் வெந்துபோச்சு. இந்த வருஷம் உன் ஆடு கிழக்கு இலையை மட்டும் தின்னதால காலை வெயில் மட்டும் பட்டு, தேனா இனிக்குது," என்றவர் கயிற்றை நீட்டினார். "அடுத்த தடவை நீயே ஆட்டைக் கொடிக்குக் கிழக்கால கட்டு, தாயி. மேற்குப் பக்கம் எட்டாத அளவுக்குக் கயித்த வெட்டிட்டேன்."