கண் சிமிட்டிய நடுவர்

கால்பந்து இறுதி ஆட்டத்தில், நடுவர் எதிரணிப் பக்கம் திரும்பித் திரும்பிக் கண் சிமிட்டுவதைப் பயிற்சியாளர் கவனித்துவிட்டார்.

"ஆள விலைக்கு வாங்கிட்டாங்க," என்று உதவியாளரிடம் பல்லைக் கடித்தார். "நம்ம ரெண்டு கோலையும் செல்லாதுன்னுட்டான் பாரு."

இடைவேளையில் நடுவர் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஆனால் இரண்டாம் பாதியில் காற்று இந்தப் பக்கம் அடித்தது. பயிற்சியாளரின் ஆள் கையால் தட்டிவிட்ட பந்துக்கே நடுவர் கோல் கொடுத்தார். கோப்பை கைக்கு வந்தது.

பயிற்சியாளர் மனம் குளிர்ந்துபோய் நடுவரின் கையைப் பிடித்தார். "முதல் பாதியில உங்களத் தப்பா நெனச்சுட்டேன் சார். அப்புறம் நியாயமா நடத்துனீங்க."

"முதல் பாதியிலதான் சார் எனக்கு ஒழுங்காத் தெரிஞ்சுது," என்றார் நடுவர், சிவந்த கண்ணைத் துடைத்தபடி. "கண்ணுல சிலிண்டர் பவர், அதுக்குக் காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தேன். தூசி விழுந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சிமிட்டிச் சிமிட்டிப் பாத்து, முடியாம இடைவேளையில கழட்டிட்டேன். சமாளிச்சிடலாம்னு நெனச்சது என் தப்பு. பந்தே ரெண்டாத் தெரிஞ்சுது. சங்கத்துல உண்மையச் சொல்லி, ஆட்டத்தத் திரும்ப நடத்தச் சொல்லப் போறேன்."

பயிற்சியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எவ்வளவு சார் வேணும்?"