மேலிருந்து கீழ் ஏழு

போஸ்ட்மாஸ்டர் சங்கரலிங்கம் ரிசீவரை வைக்கிற வழியாக இல்லை.

"மேலிருந்து கீழ் ஏழு. அரிசி புடைக்க உதவுவது, மூணெழுத்து. முறம்தான்யா இருளப்பசாமி, வேற என்ன?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற தங்கமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபத்தைந்து. ஊருக்கே இருப்பது இந்த ஒரு போன். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் முறம், முறம் என்கிறார்.

பருத்திக்காட்டில் நின்றவளிடம் தபால்காரன் வீரணன் கவரைக் கொடுத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மகன் முனீஸ்வரனுக்கு வந்தது. எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு ஏழு வருஷமாகக் காத்துக் கிடந்ததற்கு இப்போதுதான் பதில். கண்டக்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வு, நாளைக் காலை பத்து மணிக்கு, மதுரையில்.

எட்டாவது வரை படித்தவள். இரண்டு முறை படித்துப் பார்த்தாள். நாளைதான். மடியில் கட்டிய பருத்தியோடு அப்படியே ஓடி வந்துவிட்டாள்.

முனீஸ்வரன் அருப்புக்கோட்டையில் நூல் மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை பார்க்கிறான். இன்று ஐந்து மணிக்கு நூல் லோடோடு தூத்துக்குடிக்குப் போகிறான். லாரியில் ஏறிவிட்டால் நாளை மறுநாள்தான் திரும்புவான். அருப்புக்கோட்டைக்கு அடுத்த பஸ் ஐந்தரைக்கு. இந்தப் போனை விட்டால் வேறு வழி கிடையாது.

"சார், லாரி அஞ்சுக்குப் பொறப்பட்டுரும் சார்."

"செத்த இரும்மா. எனக்கும் அஞ்சு மணிக்குத்தான் பை கட்டணும்."

அவருக்கும் அவசரம்தான். வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை போய்ச்சேர இன்றைய தபால் பைதான் கடைசி. எல்லாம் சரியாக எழுதியவர்கள் பட்டியலில் தன் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று வருஷமாக உயிரை விடுகிறார். பந்தல்குடி லாரி புக்கிங் ஆபீஸ் இருளப்பசாமிக்கும் அதே கிறுக்கு. வாராவாரம் இரண்டு பேரும் போனில்தான் கட்டம் நிரப்புவார்கள். இரண்டு பேருக்கும் தெரியாததை இருளப்பசாமி வேறொரு போனில் மல்லாங்கிணற்றில் யாரிடமோ கேட்டுச் சொல்வார். அதுவரைக்கும் இந்த லைன் சும்மா தொங்கும்.

இன்றைய தகராறு வேறு. மூன்று கட்டத்தில் முதல் கட்டத்தில் 'சு' விழுந்திருந்தது. முறம் அதில் உட்காரவில்லை. முறத்தை விட மனசில்லாமல், அந்தச் 'சு'வைக் கொடுத்த 'சுரங்கம்' என்கிற சொல்லையே மாற்ற முடியுமா என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மணி நாலு முப்பத்தெட்டு.

தங்கமாரி ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "சுளகு சார், சுளகு! வீட்ல ஒரு நாளாச்சும் அரிசி பொடச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

சங்கரலிங்கம் திறந்த வாயை மூடாமல் எழுதினார். பொருந்தியது.

இனி வைத்துவிடுவார் என்று பார்த்தால், "இன்னும் ஒன்னே ஒன்னும்மா" என்று அவள் பக்கமே திரும்பிக்கொண்டார். வெடித்தால் மகிழ்ச்சி, நாலெழுத்து, முதல் எழுத்து 'ப'. பட்டாசு என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் கடைசி எழுத்து 'தி' என்று வந்து இடிக்கிறதாம்.

எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மடியை அவிழ்த்து ஒரு கை பருத்தியை அள்ளி, கம்பி வழியாக அவர் மேசைமேல் விட்டெறிந்தாள்.

அவர் பருத்தியைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். "இருளப்பா, வச்சிர்றேன்!" என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தார்.

எக்ஸ்சேஞ்ச் கிடைத்து, கிட்டங்கி கிடைத்து, வாசலில் உறுமிக்கொண்டிருந்த லாரியிலிருந்து யாரோ முனீஸ்வரனை இறக்கிக் கூட்டிவருவதற்குள் மணி நாலு ஐம்பத்தாறு. ஜன்னல் வழியாக நீட்டிய ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, தங்கமாரி கடிதத்தை வரிவரியாக வாசித்தாள்.

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ லாரியை அனுப்பச் சொல்வது கேட்டது.

"நான் லோடுக்குப் போகலம்மா" என்றான் பிறகு. "லெட்டரைக் கவரோட எடுத்துக்கிட்டு அஞ்சரை பஸ்ஸுல வந்துரு. ஸ்டாண்டுல நிக்கிறேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. போஸ்ட்மாஸ்டரிடம் கத்தியதுகூட இப்போது உறுத்தியது. என்ன இருந்தாலும் கடைசியில் போனைக் கொடுத்துவிட்டாரே, நல்ல மனுஷன்தான் என்று நினைத்து அவரைக் கும்பிட்டாள்.

"அடுத்த வாரமும் இந்தப் பக்கம் வந்துட்டுப் போம்மா" என்று அவர் சிரித்தார்.

கடிதத்தை மடித்துக் கவருக்குள் போடப் போனவள், அப்போதுதான் கவரின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

தபால் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த அன்று குத்திய முத்திரை அதில் இருந்தது. 11-3-87. இன்று பத்தொன்பது.

முத்திரையைச் சுற்றி வெள்ளையாகக் கிடந்த இடம் முழுக்க, பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, எழுத்து எழுதி, அழித்து, மறுபடியும் எழுதியிருந்தது.

நிமிர்ந்தாள். போஸ்ட்மாஸ்டர் தன்னுடைய கவரை ஒட்டி வீரணனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"பத்திரமாப் பைக்குள்ள வைப்பா. ஒரு நாள் பிந்துனாலும் அம்புட்டும் வீணாப் போயிரும்."